மாவுக்கடை: எதிர்க்கடைல விலை கம்மின்னா நாமளும் குறைக்கணுமா?

ப்ரோ, எதிர்க்கடைல கிலோவுக்கு 5 ரூபா கம்மின்னு நீங்களும் இட்லி மாவு விலைய குறைச்சிடாதீங்க, உளுந்து விக்கிற விலைக்கு கட்டவே கட்டாது. ரெண்டு நாள் சாயங்காலம் 6லருந்து 8 வரைக்கும் அந்தப் பக்கமா நின்னு பாருங்க, யாரு வாங்குறா, எவ்ளோ வாங்குறா, எத்தனை மணிக்கு தீருதுன்னு. நான் அப்படி நின்னப்போ மேன்ஷன் பசங்களும் தனியா இருக்குற ஒரு பாட்டியும் ஒரு கிலோ பாக்கெட்ட பார்த்துட்டு திரும்பிப் போனாங்க, மறுநாளே கால் கிலோ பாக்கெட் போட்டுட்டேன். 1983ல சிக் ஷாம்பூ சாஷேல வந்ததும் இதே கணக்குதான், பாட்டில் வாங்க முடியாதவங்கள பிடிச்சாங்க. பெரிய குடும்பமெல்லாம் எதிர்க்கடைக்காரருகிட்டயே போகட்டும் விடுங்க. அப்படியே அவரு மாவு ஒரு பாக்கெட் வாங்கி, ராத்திரி ஃப்ரிட்ஜுக்கு வெளிய வச்சு காலைல புளிப்பு எப்படி இருக்குன்னு பாருங்க.