நட்பு ஆட்டத்துக்கு இந்திய கால்பந்து அணியை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? – கேள்வி பதில்

கேள்வி: சார், உள்ளூரில் நன்றாக ஆடுகிறவனை விட்டுவிட்டு, ஓய்வு பெற்ற ஸ்ட்ரைக்கர் சுனில் சேத்ரியைத் திரும்பக் கூப்பிட்டார்களே, அதுவும் ஒரு நட்பு ஆட்டத்துக்கு? என்ன கணக்கு இது?

பதில்: 2025 மார்ச்சைத்தானே சொல்கிறீர்கள்? 19-ஆம் தேதி ஷில்லாங்கில் மாலத்தீவு, நட்பு ஆட்டம். ஆறு நாள் கழித்து, 25-ஆம் தேதி, அதே மைதானத்தில் வங்கதேசம். ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்று. அப்போதைய பயிற்சியாளர் மனோலோ மார்க்கேஸ் பட்டியல் போட்டது இரண்டாவது ஆட்டத்தை மனதில் வைத்து. மாலத்தீவு ஆட்டம் அதற்கு ஒத்திகை.

சேத்ரிக்கு அப்போது 40 வயது. 2024 ஜூனில் குவைத்துக்கு எதிராக ஆடி விடைபெற்றவர். ஆனால் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) அணிகளைப் பாருங்கள்: நடு ஸ்ட்ரைக்கர் இடத்தில் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்தான் நிற்கிறார். இந்திய முன்கள வீரர்கள் மைதான ஓரத்தில், விங்கில், ஓடிக்கொண்டிருக்கிறார்கள். கிளப்பில் வாரந்தோறும் ஆடாத இடத்தில் நாட்டுக்காக ஒருவனை நிறுத்தினால், ஓரத்திலிருந்து கிராஸ் வரும்போது எந்தக் கோல் கம்பத்துக்கு ஓடுவது என்பதிலேயே அரை நொடி தாமதம் ஆகும். அந்த ஒரு இடத்துக்குத்தான் சேத்ரி. மாலத்தீவை 3-0 வென்றார்கள், அதில் ஒன்று அவர் அடித்தது. 2023 நவம்பரில் குவைத்தை வென்ற பிறகு கிடைத்த முதல் வெற்றி அது. வங்கதேசத்தோடு 0-0. ஒத்திகை நன்றாக நடந்தால் நாடகமும் நன்றாக வரும் என்று எவரும் எழுதித் தரவில்லை. இளம் ஸ்ட்ரைக்கர் ஒருவருக்கு மாலத்தீவு ஆட்டத்தில் முழு 90 நிமிடம் கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி.

கேள்வி: பட்டியலில் எத்தனை பேர்? எந்த இடத்துக்கு எத்தனை என்று விதி உண்டா?

பதில்: நட்பு ஆட்டத்துக்கு இத்தனை பேரைத்தான் முகாமுக்கு அழைக்க வேண்டும் என்று விதி இல்லை. வழக்கம் 23 முதல் 26. வழக்கமான 23-ஐப் பிரித்தால் கோல்கீப்பர் 3, டிஃபெண்டர் 8, மிட்ஃபீல்டர் 7, முன்களம் 5. மூன்றாவது கோல்கீப்பர் ஆடவே மாட்டார். ஆனால் அவர் இல்லாவிட்டால் பயிற்சியில் ஷூட்டிங் அமர்வையே ஒழுங்காக நடத்த முடியாது.

சறுக்குவது பெரும்பாலும் லெஃப்ட் பேக், அதாவது இடது ஓர டிஃபெண்டர் இடத்தில். இடது கால் டிஃபெண்டர் நம்மிடம் குறைவு. ஒருவரை மட்டும் எடுத்துவிட்டு, அவருக்குத் தசைப்பிடிப்பு வந்ததும் நடு டிஃபெண்டரான சென்டர் பேக்கை அங்கே தள்ளுவார்கள். அப்புறம் இரண்டு இடமும் ஆட்டம் காணும்.

கேள்வி: கிளப் வீரரை அனுப்ப முடியாது என்று சொல்ல முடியுமா?

பதில்: தேதியைப் பொறுத்தது. ஃபிஃபா விண்டோவுக்குள், அதாவது தேசிய அணி ஆட்டங்களுக்கென்று உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா ஒதுக்கும் நாட்களுக்குள் என்றால் முடியாது. வெளியே என்றால் தாராளமாக முடியும்.

வழக்கமான விண்டோ திங்கள் காலை தொடங்கி அடுத்த வாரம் செவ்வாய் இரவு முடியும்: ஒன்பது நாள், அதிகபட்சம் இரண்டு ஆட்டம். வெளிநாட்டு கிளப்பில் இருப்பவரை அழைக்க வேண்டுமானால் விண்டோ தொடங்க 15 நாளாவது முன்பே எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்; கிளப்புக்கும் அதே நேரத்தில் கடிதம் போக வேண்டும். அடுத்த ஆறு நாளுக்குள் கிளப் ஒப்புதல் தர வேண்டும். 2025 மார்ச் விண்டோ 17-ஆம் தேதி தொடங்கியது; அப்படியானால் கடிதத்துக்குக் கடைசி நாள் மார்ச் 2. அதைத் தவறவிட்டுவிட்டு கிளப் மேல் பாய்ந்து பயனில்லை. ஆட்டம் முடிந்ததும் புதன் காலைக்குள் வீரர் கிளம்பிவிட வேண்டும்.

"காயம், வர இயலாது" என்று கிளப் சொன்னால் அப்படியே நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. தேசிய சம்மேளனம் தான் நியமிக்கும் மருத்துவரிடம் வீரரைச் சோதனைக்கு வரச் சொல்லலாம். இந்த உரிமை இருப்பது பல ரசிகர்களுக்குத் தெரியாது.

விண்டோவுக்கு வெளியே நடந்ததற்கு உதாரணம் மத்திய ஆசியக் கால்பந்து சங்கத்தின் 2025 காஃபா நேஷன்ஸ் கோப்பை. போட்டி ஆகஸ்ட் 29-ல் ஆரம்பம், விண்டோ செப்டம்பர் 1-ல்தான். கொல்கத்தா கிளப்பான மோகன் பகான் தன் வீரர்களை அனுப்பவில்லை. கோபப்படலாம், விதியைக் காட்டி வாதாட முடியாது.

கேள்வி: நட்பு ஆட்டம்தானே, எத்தனை பேரை வேண்டுமானாலும் மாற்றலாம் இல்லையா அண்ணே?

பதில்: ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 2003 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இங்கிலாந்துப் பயிற்சியாளர் எரிக்சன் இடைவேளையில் பதினொரு பேரையும் மாற்றினார். 17 வயது ரூனி அறிமுகமானது அதில்தான். இங்கிலாந்து 1-3 தோற்றது. அதற்கு அடுத்த வருடமே ஆறு பேர் என்று வரம்பு வந்தது.

மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 2014 மே மாத பெல்ஜியம்–லக்சம்பர்க் ஆட்டம். பெல்ஜியம் 5-1 வென்றது, லுகாகு ஹாட்ரிக். பயிற்சியாளர் வில்மோட்ஸ் ஏழாவது ஆளை இறக்கிவிட்டார். ஃபிஃபா அதை அதிகாரப்பூர்வ ஆட்டமாக ஏற்கவில்லை. லுகாகுவின் மூன்று கோலும் கணக்கில் சேரவில்லை. ஆகவே ஆட்டத்துக்கு முன்பே அந்த ஆட்டத்துக்கான எண்ணிக்கையை நடுவரிடம் உறுதி செய்துகொண்டு, மாற்றங்களை எண்ண பெஞ்சில் ஒருவரைத் தனியாக வைப்பது நல்லது.

கேள்வி: ரேங்கிங் புள்ளிக்காகப் பலவீனமான அணியோடு ஆடுகிறார்கள் என்கிறார்களே?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். 2018 முதல் உள்ள முறையில் விண்டோவுக்குள் நடக்கும் நட்பு ஆட்டத்தின் எடை 10, வெளியே நடந்தால் 5. தகுதிச் சுற்றுக்கு 25. எடையை, கிடைத்த முடிவிலிருந்து எதிர்பார்த்த முடிவைக் கழித்து வருவதோடு பெருக்க வேண்டும். வெற்றி 1, சமன் 0.5, தோல்வி 0.

நம்மிடம் 1100, எதிரணியிடம் 1300 என்று வைப்போம். 200 புள்ளி வித்தியாசத்துக்கு நம் எதிர்பார்ப்பு 0.317. வென்றால் +6.83, சமன் செய்தால் +1.83, தோற்றால் −3.17. எதிரணி 900 என்றால் அப்படியே தலைகீழ்: வென்றால் +3.17 மட்டும், தோற்றால் −6.83. பலவீனமான அணியை வென்று ஏறுவது மெதுவான வழி, சறுக்கினால் அடி பலம். தேதி, பயணம், செலவு மூன்றும் ஒத்துவரும் எதிரணி எது என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது.

கேள்வி: வெளிநாட்டில் பிறந்த இந்திய வம்சாவளி வீரர்களை நட்பு ஆட்டத்திலாவது சோதித்துப் பார்க்கலாமே?

பதில்: முடியாது. எந்த ஆட்டமானாலும் இந்தியக் கடவுச்சீட்டு வேண்டும். வெளிநாட்டு இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை குடியுரிமை ஆகாது; இரட்டைக் குடியுரிமையும் இங்கே கிடையாது. இசுமி அராடா ஜப்பான் குடியுரிமையைத் துறந்த பிறகே 2013-ல் இந்தியாவுக்கு ஆடினார்.

எதிர்ப்பக்கம் ஒரு வசதி உண்டு. வேறு நாட்டுக்கு நட்பு ஆட்டம் மட்டும் ஆடியவர் அந்த நாட்டோடு நிரந்தரமாகக் கட்டுண்டவர் ஆகமாட்டார். டியேகோ கோஸ்டா 2013-ல் பிரேசிலுக்கு இரண்டு நட்பு ஆட்டம் ஆடிவிட்டு 2014-ல் ஸ்பெயினுக்குப் போனார். டெக்லன் ரைஸ் அயர்லாந்துக்கு மூன்று நட்பு ஆட்டம் ஆடிய பிறகு இங்கிலாந்து. 2019-ல் ஆஸ்திரேலியாவுக்கு ஒரு நட்பு ஆட்டம் ஆடிய ரையன் வில்லியம்ஸ் 2025-ல் இந்தியக் குடியுரிமை பெற்றதும் இந்த வழியில்தான் முகாமுக்கு வந்தார். குடியுரிமை மட்டும் போதாது. சம்மேளன மாற்றத்துக்கு ஃபிஃபாவின் அனுமதித் தாளும் கையில் வர வேண்டும்.

கேள்வி: காயம்பட்டால் சம்பளம் யார் தருவது?

பதில்: கிளப்தான். ஆனால் விண்டோவில் நடக்கும் சீனியர் அணி ஆட்டங்களுக்கு, நட்பு ஆட்டம் உட்பட, ஃபிஃபாவின் இழப்பீட்டுத் திட்டம் உண்டு. வீரர் தொடர்ந்து 28 நாளுக்கு மேல் ஆட முடியாமல் போனால் நாளொன்றுக்கு அதிகபட்சம் 20,548 யூரோ கிளப்புக்குக் கிடைக்கும், ஓராண்டு வரை. முதல் 28 நாள் கிளப்பின் தலையில். சின்னத் தசைக் காயங்கள் பெரும்பாலும் அதற்குள் ஆறிவிடுவதால்தான் கிளப்புகள் அவற்றுக்கே அதிகம் புலம்புகின்றன.

கேள்வி: நட்பு ஆட்டத்தில் சிவப்பு அட்டை வாங்கினால் தகுதிச் சுற்றில் ஆட முடியாதா?

பதில்: ஆடலாம். அந்தத் தடை அடுத்த நட்பு ஆட்டத்தில் கழியும்.

கேள்வி: 2026-லிருந்து விண்டோ மாறுகிறதாமே?

பதில்: செப்டம்பர், அக்டோபர் இரண்டையும் ஒன்றாக்கி 16 நாள், நான்கு ஆட்டம் என்று வைத்திருக்கிறார்கள். நான்கு ஆட்டத்துக்கு 23 பேர் தாங்காது. 28 பேரையாவது அழைத்து, இரண்டாவது ஆட்டம் முடிந்ததும் ஓடிக் களைத்தவர்களில் நாலைந்து பேரை கிளப்புக்குத் திருப்பி அனுப்புவதே புத்திசாலித்தனம். டிஃபெண்டர்களை அனுப்பாதீர்கள், கடைசி ஆட்டத்தில் ஆள் பற்றாக்குறை அங்கேதான் வரும்.