வீங்கிய மண்ணீரலை உருவாதீர்கள்

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். ஐந்து வயது மகளுக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது. கௌச்சர் நோய் (ஒரு நொதி குறைவதால் கொழுப்பு உறுப்புகளில் தேங்கும் பரம்பரை நோய்), முதல் வகை என்றார்கள். அரிய நோய்களுக்கு நானோ மருந்து வந்துவிட்டதாகக் கைப்பேசியில் பார்த்து, 'நானோ தங்கத் துளிகள்' வாங்கிக் கொடுத்துவருகிறேன். வயிறு வடிய மாமியார் எண்ணெய் தேய்த்து உருவுகிறார். காலில் நீலத் திட்டுகள் வருகின்றன. தாய்மாமனைக் கட்டியதால் வந்த வினையா? நல்ல மருந்து இருந்தும் பிள்ளையைக் கைவிடுகிறோமோ என்று தூக்கமில்லை.

பதில்: முதலில் உருவுவதை நிறுத்துங்கள், அம்மா. இன்றே. வீங்கிய மண்ணீரலின் மேலுறை மெலிந்து இழுபட்டிருக்கும். அழுத்தினாலோ, பிள்ளை விழுந்து அடிபட்டாலோ கிழிந்து வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும்; வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. இடது விலாவின் கீழ் திடீர் வலி, சிலருக்கு இடது தோளிலும் வலி, முகம் வெளுப்பது, குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல்: இவற்றைக் கண்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐ அழைத்து தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். 'மண்ணீரல் வீங்கிய குழந்தை' என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வழியில் தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம்.

நீலத் திட்டுகள் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைவதால் வருபவை. அடுத்த முறை மருத்துவரிடம் காட்டினால் போதும். ஆனால் காய்ச்சல், வலி என்று ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் கொடுக்காதீர்கள்.

அந்தத் துளிகளைத் தூக்கி எறியுங்கள். நோயுற்ற பிள்ளையின் தாயிடம் இப்படிக் காசு பறிப்பவர்களை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. மருந்தை மிக நுண்ணிய துகள்களில் பொதிந்து கொடுக்கும் நானோ மருத்துவம் பொய்யல்ல. 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பட்டிசிரான், மரபணுச் செய்தியைத் தடுக்கும் மருந்தை நுண்கொழுப்புத் துகளில் பொதிந்து கல்லீரலுக்குக் கொண்டுபோகிறது. ஆனால் அது பெரியவர்களின் நரம்பைத் தாக்கும் அமிலாய்டோசிஸ் என்ற பரம்பரை நோய்க்கானது; ரத்தநாளம் வழியே மருத்துவமனையில் ஏற்றுவார்கள். உங்கள் மகளின் நோய்க்கு அங்கீகரிக்கப்பட்ட நானோ மருந்து இன்றுவரை இல்லை.

இல்லை என்பதால் நீங்கள் எதையும் இழந்துவிடவில்லை. அவளுக்கு வேண்டிய மருந்து 1994-இலேயே வந்துவிட்டது: இமிகுளுசரேஸ். உடலில் குறைந்துள்ள நொதியை வெளியிலிருந்து கொடுப்பது; வழக்கமாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுவார்கள். மண்ணீரல் சுருங்கும், ரத்த அணுக்களின் எண்ணிக்கை ஏறும், பிள்ளை வளர்வாள். விலை மிக அதிகம். அதற்காகத்தான் 2021-இன் தேசிய அரிய நோய்க் கொள்கை இருக்கிறது. சிறப்பு மையம் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கும். சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அப்படி ஒரு மையம். அந்தத் தொகை தீர்ந்த பின் என்ன வழி என்பதையும் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.

தாய்மாமன் பேச்சை விடுங்கள். சொந்தத்தில் கட்டினால் ஒரே மரபணுக் குறை இருவரிடமும் இருக்க வாய்ப்பு கூடும். அது யார் குற்றமும் அல்ல. அடுத்த கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு, ஆகவே கருத்தரிக்கும் முன்பே மரபியல் ஆலோசனை பெறுங்கள்.

எழும்பூருக்குப் போகும்போது நொதிப் பரிசோதனை அறிக்கை, மரபணு அறிக்கை, பழைய ஸ்கேன்கள், பிள்ளையின் ஆதார் எல்லாவற்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இந்த வாரமே கிளம்புங்கள்.