பொது இடத்தில் ஆபத்து, உங்கள் இடுப்பில் துப்பாக்கி: எப்போது குறுக்கே போகலாம்?

அமெரிக்காவில் சட்டப்படி துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாடும் ஒரு சாதாரண ஆள், மாலிலோ கடையிலோ ஆபத்து வெடித்தால் எப்போது தலையிட வேண்டும், எப்போது விலகிப் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டெக்சஸில் இருக்கிறேன், லைசென்ஸ் எடுத்து, தினமும் துப்பாக்கியோடுதான் வெளியே போகிறேன். அதனால் இந்தக் கேள்வியை நானே எனக்குள் நிறையக் கேட்டிருக்கிறேன்.

நேராகவே சொல்கிறேன். உங்கள் உயிருக்கோ, கூட வந்தவர்கள் உயிருக்கோ அந்த நொடியில் ஆபத்து, தப்பிக்க வழி இல்லை என்றால் தயங்காதீர்கள். முன்பின் தெரியாதவர்களுக்காக என்றால், நடந்ததை ஆரம்பத்திலிருந்து உங்கள் கண்ணாலேயே பார்த்திருக்க வேண்டும், இப்போது, இந்த நொடியில் ஒருவன் ஆட்களைக் கொன்றுகொண்டிருக்க வேண்டும், அவனுக்குப் பின்னால் யாரும் இல்லாமல் சுடுவதற்கு வழி இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறி, அவசர உதவி எண் 911-ஐக் கூப்பிடுவதுதான் சரி.

இதைச் சொன்னால் "அப்புறம் எதற்குத் துப்பாக்கி?" என்று உடனே கேட்பார்கள். தைரியம் இருக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அந்த இடத்தில் யார் யார் என்று தெரிவதில்லை, பிரச்சினையே அதுதான்.

2011 ஜனவரி 8, அரிசோனாவில் டூசான். காங்கிரஸ் உறுப்பினர் கேபி கிஃபர்ட்ஸ் ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில் மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்தபோது ஒருவன் சுட ஆரம்பித்தான், 6 பேர் செத்தார்கள், கிஃபர்ட்ஸையும் சேர்த்து 13 பேருக்குக் குண்டுக்காயம். பக்கத்து மருந்துக் கடையில் இருந்த ஒரு இளைஞர் சத்தம் கேட்டு ஓடி வந்தார், ஜாக்கெட் பையில் துப்பாக்கி, கை அதன் மேல், தவறி வெடிக்காமல் தடுக்கும் சேஃப்டியையும் எடுத்துவிட்டார். வந்து பார்த்தால் ஒருவர் கையில் துப்பாக்கியோடு நிற்கிறார். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அவர் சுடவில்லை, பாய்ந்துபோய் அந்த ஆளின் மணிக்கட்டைப் பிடித்துச் சுவரில் தள்ளினார். சுற்றி இருந்தவர்கள் "அவர் இல்லை, அவர் இல்லை" என்று கத்தினார்கள். அவர் பிடித்தது கொலைகாரனிடமிருந்து துப்பாக்கியைப் பிடுங்கிய ஆளை! உண்மையான கொலைகாரன் அதற்குள் தரையில் கிடந்தான், அவன் மேல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு விரல் அசைவு, அவ்வளவுதான், நல்ல மனதோடு ஓடி வந்த அந்த இளைஞர் ஒரு வீரரைக் கொன்ற ஆளாகியிருப்பார். அவர் சுடாமல் நின்றதைத்தான் அன்றைய அவருடைய பெரிய செயலாக நான் நினைக்கிறேன்.

2014 ஜூன் 8, லாஸ் வேகஸ். ஒரு கணவன் மனைவி ஜோடி, ஹோட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு போலீஸ்காரர்களைக் கொன்றுவிட்டு எதிரே இருந்த வால்மார்ட்டுக்குள் போனார்கள். கணவன் மேல்நோக்கிச் சுட்டு எல்லாரையும் வெளியே போகச் சொல்லிக் கத்தினான். பர்மிட்டோடு துப்பாக்கி வைத்திருந்த ஒரு வாடிக்கையாளர் ஓடாமல் அவனைத் தடுக்கப் பின்னாலிருந்து போனார். மனைவி கொஞ்சம் தள்ளி, சாதாரணமாகச் சாமான் வாங்க வந்தவள் போல நின்றிருந்தாள், அவர் அவளைக் கடந்துதான் போனார், அவள் சுட்டுவிட்டாள். அவருக்கு அவன் ஒருவன்தான் தெரிந்தான். கூட இன்னொரு ஆள் இருக்கலாம் என்பது அந்தப் பதற்றத்தில் யாருக்குத் தோன்றும்? அதனால்தான் நல்ல பயிற்சியாளர்கள் எல்லாரும் இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், ஒருவனைப் பார்த்தால் இரண்டாவது ஆளைத் தேடு என்று.

எனக்கு மனதை விட்டுப் போகாதது ஆர்வாடா என்ற ஊரில் நடந்ததுதான். கொலராடோவில், 2021 ஜூன் 21 அன்று, ஒருவன் ஒரு போலீஸ்காரரைச் சுட்டுக் கொன்றுவிட்டு வண்டிக்குத் திரும்பி வந்து ஏஆர்-15 ரைஃபிளை எடுக்கிறான். பக்கத்துக் கடையில் இருந்த ஜானி ஹர்லி என்பவர் வெளியே வந்து தன் கைத்துப்பாக்கியால் அவனைச் சுட்டு வீழ்த்துகிறார். நான் மேலே சொன்ன நிபந்தனைகளுக்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிற செயல் இது, இன்னும் எத்தனையோ பேர் செத்திருப்பார்கள், அவர் தடுத்துவிட்டார். அப்புறம் கீழே கிடந்தவனின் ரைஃபிளைக் கையில் எடுத்தார். அந்த நேரம் வந்து சேர்ந்த போலீஸ் அதிகாரிக்குத் தெரிந்ததெல்லாம் போலீஸ்காரர் ஒருவர் சுடப்பட்டிருக்கிறார், எதிரே ஒரு ஆள் கையில் ரைஃபிளோடு நிற்கிறார் என்பது மட்டும்தான். எச்சரிக்கை எதுவும் கொடுக்காமல் சுட்டார், ஹர்லி இறந்தார். அந்த அதிகாரி மேல் வழக்குப் போட முடியாது என்று அரசு வழக்கறிஞர் முடிவு செய்தார். அதே அறிவிப்பில் ஹர்லியை வீரர் என்றும் சொன்னார்கள். அவருடைய குடும்பத்துக்கு அதனால் என்ன ஆறுதல் கிடைத்திருக்கும், தெரியவில்லை.

அதனால் சுடுவது என்று முடிவெடுத்தால், சுட்டு முடித்த பிறகு என்ன செய்யப்போகிறோம் என்பதும் அதே முடிவுக்குள் இருக்க வேண்டும். ஆபத்து நின்றது உறுதி என்றால் உங்கள் துப்பாக்கி உறைக்குள் போக வேண்டும், அவனுடைய ஆயுதத்தைத் தொடவே கூடாது, இரண்டு கையும் வெறுமையாக வெளியே தெரிய வேண்டும். 911-ல் பேசும்போது சுட்டது யார், நான் எங்கே நிற்கிறேன், என்ன நிறச் சட்டை போட்டிருக்கிறேன் என்று சொல்ல வேண்டும், நீங்கள் பேச முடியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரை விட்டுச் சொல்ல வைக்க வேண்டும். போலீஸ் வந்து கத்தினால் அந்தப் பக்கம் சடாரென்று திரும்பாதீர்கள், சொன்னதை மட்டும் மெதுவாகச் செய்யுங்கள். கீழே தள்ளுவார்கள், விலங்கு போடுவார்கள், போடட்டும். அந்த நிமிடத்தில் உங்கள் மரியாதையைவிட உங்கள் உயிர் பெரிது. நம்மைப் போன்ற நிறமும் உச்சரிப்பும் உள்ளவர்கள் இதைக் கூடுதலாகவே மனதில் வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். 2018-ல் அலபாமாவில் ஹூவர் என்ற ஊரில், ஒரு மாலில் துப்பாக்கிச் சத்தம் கேட்டுத் தன் துப்பாக்கியை எடுத்த 21 வயதுக் கறுப்பின இளைஞரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது, அவர்தான் சுட்டவர் என்று முதலில் அறிவித்தும் விட்டார்கள். அவர் இல்லை.

சரி, நன்றாக முடிந்ததே இல்லையா என்றால், இருக்கிறது. 2022 ஜூலை 17, இண்டியானாவில் கிரீன்வுட் பார்க் மால். உணவுக் கடைகள் இருக்கும் பகுதியில் ஒருவன் ரைஃபிளால் சுட ஆரம்பித்தான், மூன்று பேர் இறந்தார்கள். டிக்கன் என்ற 22 வயது இளைஞர் தன் காதலியோடு அங்கே இருந்தார். ஒரு தூணில் கையை ஊன்றிக்கொண்டு சுமார் 40 கஜ தூரத்திலிருந்து 10 முறை சுட்டார், 8 குண்டு பட்டது. அவன் சுட ஆரம்பித்ததிலிருந்து எல்லாம் முடிய 15 நொடி. சுட்டுக்கொண்டே பின்னால் இருந்தவர்களை வெளியே போகும்படி கையால் சைகை வேறு காட்டியிருக்கிறார், நினைத்துப் பாருங்கள். 2019 டிசம்பரில் இங்கே டெக்சஸில் வைட் செட்டில்மென்ட் என்ற ஊரில், தேவாலயத்துக்குள் ஒருவன் இரண்டு பேரைச் சுட்டபோது ஜாக் வில்சன் என்பவர் ஒரே குண்டில் முடித்தார், மொத்தம் 6 நொடி. ஆனால் அவர் துப்பாக்கிப் பயிற்சியாளர், அந்தத் தேவாலயத்தின் பாதுகாப்புக் குழுவையே நடத்தியவர்.

இந்த இரண்டிலும் பாருங்கள், சுட்டவர் எங்கிருந்தோ ஓடி வரவில்லை. முதல் குண்டு வெடித்தபோதே அங்கேதான் இருந்தார், கொலைகாரன் யார் என்பதில் கொஞ்சம்கூடச் சந்தேகம் இல்லை. சத்தம் கேட்டுத் தேடிக்கொண்டு போவது வேறு கதை. வெளியே இருக்கிறவர் உள்ளே ஓடக்கூடாது என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுதான் காரணம் (உள்ளே உங்கள் குழந்தை இருந்தால் நான் எதுவும் சொல்ல மாட்டேன், நானும் ஓடுவேன்).

நான் போன ஒரு வகுப்பில் இதை நடித்தே காட்டினார்கள், கையில் சாயக்குண்டுத் துப்பாக்கி. கதவைத் திறந்தால் ஒருவன் தரையில், இன்னொருவன் அவன் முதுகில் முழங்காலை வைத்து, தலைக்கு நேராகத் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு கெட்ட வார்த்தையில் கத்துகிறான். உள்ளே போனவர்களில் பலர் மேலே இருந்தவனைச் சுட்டார்கள். அவருடைய சட்டையைத் தூக்கினால் பெல்ட்டில் போலீஸ் பேட்ஜ், சாதாரண உடையில் இருந்த காவலர், கீழே கிடந்தவன்தான் திருடன். கத்துகிற குரலை வைத்தோ முகத்தை வைத்தோ எதுவும் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்தது, பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது. 2012-ல் நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு வெளியே இரண்டு போலீஸ்காரர்கள் ஒரு கொலைகாரனைச் சுட்டார்கள், 16 குண்டு, வழியில் போன 9 பேருக்குக் காயம், அத்தனையும் போலீஸ் குண்டாலும் அதன் சிதறல்களாலும். பயிற்சி பெற்றவர்கள், அதுவும் மிக அருகிலிருந்து. டெக்சஸ் லைசென்ஸ் தேர்வில் நாம் சுடுவது 50 குண்டு, 3, 7, 15 கஜத்தில், அசையாமல் நிற்கும் காகிதத்தை, யாரும் திருப்பிச் சுடாமல். 2021-லிருந்து இங்கே அந்தத் தேர்வுகூட இல்லாமலேயே பெரும்பாலான பெரியவர்கள் துப்பாக்கியோடு நடமாடலாம். சட்டத்தையும் பாருங்கள்: டெக்சஸ் குற்றச் சட்டத்தில் 9.33 பிரிவு அடுத்தவர் உயிரைக் காக்கச் சுடுவதை அனுமதிக்கிறது, ஆனால் 9.05 பிரிவு, நீங்கள் சுட்டது நியாயம் என்றாலும் பொறுப்பில்லாமல் நடந்து சம்பந்தமில்லாத ஒருவருக்குக் காயமோ சாவோ ஏற்படுத்தினால் அந்த நியாயம் உங்களைக் காப்பாற்றாது என்கிறது. 2012 டிசம்பரில் ஆரிகனில் கிளாக்கமஸ் மாலில் ஒரு இளைஞர் துப்பாக்கியை எடுத்துக் குறி வைத்தும், கொலைகாரனுக்குப் பின்னால் ஆள் அசைவதைப் பார்த்துச் சுடாமல் விட்டதாகச் சொன்னார். அந்த நிதானம் எனக்கு வர வேண்டும் என்று நினைக்கிறேன்.

திருட்டு, தெருச் சண்டை, யாரோ காரை உடைப்பது, இதற்கெல்லாம் துப்பாக்கியை எடுக்கவே கூடாது. டெக்சஸ் சட்டம் சில நேரங்களில் சொத்துக்காகக்கூட இடம் கொடுக்கும், கொடுத்தாலும் வேண்டாம். 2015-ல் மிச்சிகனில், கடையில் திருடிவிட்டு ஓடியவர்களின் காரைப் பார்த்து ஒரு பெண் சுட்டார், லைசென்ஸ் போனது, 18 மாதம் நன்னடத்தைக் கண்காணிப்பு. 2020-ல் ஜார்ஜியாவில் அமாட் ஆர்பெரி ஓடிக்கொண்டிருந்தபோது, திருடன் என்று சந்தேகப்பட்டு மூன்று பேர் வண்டியில் துரத்தினார்கள், ஒருவன் சுட்டுக் கொன்றான். மூவருக்கும் ஆயுள் தண்டனை. குற்றம் செய்ததாகச் சந்தேகப்படுபவரைப் பொதுமக்களே பிடிக்கலாம் என்றிருந்த பழைய சட்டத்தை அந்த மாநிலம் அடுத்த ஆண்டே நீக்கியது.

இன்னொன்று, துப்பாக்கி இல்லாதவர்களை இந்த விவாதத்தில் யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. 2000 முதல் 2013 வரை நடந்த 160 துப்பாக்கிச்சூடுகளை எஃப்பிஐ ஆராய்ந்தது. அதில் 21 சம்பவங்கள், ஆயுதமே இல்லாத மக்கள் கொலைகாரனை அமுக்கிப் பிடித்ததால் முடிந்தன. போலீஸ் அல்லாத ஆயுதம் தாங்கியவர்கள் பதிலுக்குச் சுட்டு முடிந்தவை 5, அதிலும் பெரும்பாலானவர்கள் சம்பளத்துக்கு நின்ற காவலாளிகள். டூசானிலும் அப்படித்தான், தலையில் குண்டு உரசிய 74 வயது ஓய்வுபெற்ற ராணுவ கர்னல் அவனைக் கீழே தள்ளியவர்களில் ஒருவர், அவன் துப்பாக்கியில் செருக எடுத்த புது மேகசினை (குண்டுப் பெட்டியை) பிடுங்கியது ஒரு 61 வயதுப் பெண்.

லைசென்ஸ் எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எடுங்கள், ஆனால் இரண்டாவது துப்பாக்கி வாங்கும் காசில் முதலில் இப்படி நடித்துப் பயிற்சி கொடுக்கும் வகுப்பு ஒன்றுக்கும், ரத்தப்போக்கை நிறுத்தக் கற்றுத்தரும் "ஸ்டாப் தி பிளீட்" வகுப்புக்கும் போய்விடுங்கள், இரண்டாவது பல ஊர்களில் இலவசம். ரத்தம் நிற்கக் கை காலை இறுக்கிக் கட்டும் ஒரு நல்ல டூர்னிக்கே பட்டை வாங்கி, கார் டிக்கியில் போடாமல் எப்போதும் கையோடு வைத்திருங்கள். போலீஸ் உள்ளே போய் இடம் பாதுகாப்பானது என்று சொல்லும்வரை ஆம்புலன்ஸ்காரர்கள் பெரும்பாலும் வெளியேதான் நிற்பார்கள், தொடையில் பெரிய ரத்தக்குழாய் அறுந்த ஆளுக்கு அதுவரை நேரம் இருக்காது.