வாசகர் கேள்வி – பதில்: கடலின் பச்சைக் கணக்கு

ஃபைட்டோபிளாங்க்டன் என்கிற தாவர மிதவை நுண்ணுயிரிகள் ஆண்டுக்குச் சுமார் 5,000 கோடி டன் கார்பனை உயிர்ப்பொருளாக மாற்றுகின்றன. நிலத்திலுள்ள காடு, வயல், புல்வெளி எல்லாம் சேர்ந்து செய்வதும் ஏறக்குறைய இவ்வளவுதான். இப்படிக் கார்பன் உயிர்ப்பொருளாவதுதான் முதன்மை உற்பத்தி. அதை அளப்பதில் புதிதாக இறங்கியிருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: ஆய்வில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. ‘வங்கக் கடலின் முதன்மை உற்பத்தி’ என்று தலைப்பு கொடுத்தேன். நெறியாளர் சுருக்கச் சொல்கிறார். கையில் இருப்பது மாதம் ஒரு நாள் ஃபைபர் படகு. எதை எடுத்துக்கொள்வது?
– முதலாண்டு ஆய்வு மாணவி, பரங்கிப்பேட்டை

நெறியாளர் சொல்வதுதான் சரி. அந்தத் தலைப்புக்குக் கப்பல் வேண்டும். உங்கள் படகுக்கு எட்டுகிற நல்ல கேள்வி ஒன்று வாசலிலேயே இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் வெள்ளாறு பெருகும்போது நைட்ரேட்டும் சிலிகேட்டும் கடலுக்கு வருகின்றன. கூடவே சேறும் வந்து வெளிச்சத்தை மறைக்கிறது. உரம் ஒரு பக்கம் இழுக்க, இருட்டு மறுபக்கம் இழுக்கிறது. எந்த மாதத்தில் எது ஜெயிக்கிறது என்பதே முழு ஆய்வுக்குப் போதும்.

20 மீட்டர் ஆழமுள்ள ஓர் இடத்தை ஜி.பி.எஸ்.ஸில் குறித்துக்கொண்டு 24 மாதமும் அங்கேயே போங்கள். பத்து இடங்களில் இரண்டு முறை எடுப்பதைவிட ஓரிடத்தில் 24 முறை எடுப்பது மேல். ஒரே நேரம், ஓதத்தின் ஒரே கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒளிர்வு உணரி (பச்சையம் திருப்பி உமிழும் ஒளியை அளப்பது) இறக்குவதாக இருந்தால் விடியலுக்கு முன் இறக்குவது நல்லது. உச்சி வெயிலில் மேல்நீர்ச் செல்கள் தங்களைக் காத்துக்கொள்ள ஒளிர்வைக் குறைத்துக்கொள்ளும். பச்சையம் அப்படியே இருக்க, உணரி மட்டும் குறைத்துக் காட்டும்.

நவம்பர், டிசம்பரில் புயல் கூண்டு ஏற்றினால் படகு கிளம்பாது. உங்கள் கேள்விக்கு உயிரே அந்த இரண்டு மாதம்தான். ஆற்று முகத்தில் கரையிலிருந்தே வாளியில் நீர் எடுக்கக்கூடிய இரண்டாவது இடம் ஒன்றை முதல் மாதமே தொடங்கிவிடுங்கள். படகு போகாத மாதத்தில் அட்டவணை காலியாக இருக்காது. மற்ற மாதங்களில் இரண்டு இடங்களையும் ஒப்பிட்டு வைத்திருப்பதால் கரை எண்ணை நம்பவும் முடியும்.

நடுக்கடல் ஆசையை விட்டுவிட வேண்டாம், தள்ளிப்போடுங்கள். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி கொண்டுவரும் நன்னீர் அங்கே மேலே பரவி மூடிவிடுவதால் அடியிலுள்ள சத்து எளிதில் மேலேறுவதில்லை. பச்சையம் அதிகமாக இருக்கும் அடுக்கு பல மீட்டர் கீழே கிடக்கிறது. மேல்நீரை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பினால் பாதிக் கடலைத்தான் பார்த்திருப்பீர்கள்.

கேள்வி: 2 லிட்டர் கடல்நீரை வடிகட்டி, 10 மில்லி அசிட்டோனில் பச்சையத்தைப் பிரித்தெடுக்கிறேன். ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் 664 நானோமீட்டரில் 0.003, 0.004 என்றே வருகிறது. சில மாதிரிகளில் பச்சையம் எதிர்மறை எண்ணாக வருகிறது. என்ன தவறு?
– ஆய்வு மாணவர், தூத்துக்குடி

தவறு கையில் இல்லை, கருவித் தேர்வில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். தெளிந்த நீரில் பச்சையம் லிட்டருக்கு 0.2 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். 2 லிட்டரில் 0.4 மைக்ரோகிராம். 10 மில்லியில் கரைத்தால் மில்லிக்கு 0.04. 90 சதவீத அசிட்டோனில் பச்சையம்-ஏயின் உறிஞ்சு கெழு 664-இல் லிட்டர்/கிராம்/சென்டிமீட்டருக்கு 87.67. பெருக்கினால் 1 செ.மீ. குவெட்டில் (கரைசலை ஊற்றும் கண்ணாடிக் கலம்) 0.0035 வரும். உங்களுக்கு வந்திருப்பது அதேதான். ஆனால் அந்த அளவில் குவெட்டின் மேல் விரல் ரேகை பட்டாலே எண் ஆடும். மூன்று அலைநீளச் சமன்பாட்டில் கழித்தலும் இருப்பதால் எதிர்மறை வருவதில் ஆச்சரியமில்லை.

5 செ.மீ. குவெட் இருந்தால் அதே கரைசல் 0.0175 காட்டும். கரையோர நீருக்கு அது போதும். வடிகட்டும் நீரை 4 லிட்டராக உயர்த்தலாம். ஆனால் நேரம் இழுத்துக்கொண்டே போனால் வடிதாளிலேயே பச்சையம் சிதையத் தொடங்கும். திறந்த கடல் நீருக்கு ஃப்ளூரோமீட்டர் (ஒளிர்வை அளக்கும் கருவி) தவிர வேறு வழி தேடவேண்டாம். 436 நானோமீட்டரில் தூண்டி 680-இல் படிக்கும் வடிகட்டி அமைப்பு கிடைத்தால் சிதைந்த பச்சையத்தைப் பிரித்தறிய அமிலம் சேர்க்கும் வேலையும் மிச்சம். தூய பச்சையம்-ஏ வாங்கிக் கரைத்து, அதன் செறிவை உங்கள் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரிலேயே 87.67 வைத்துக் கண்டுபிடித்து, அதிலிருந்து ஐந்தாறு நீர்த்தல் செய்து ஃப்ளூரோமீட்டரை அளவுதிருத்தம் செய்யுங்கள். பழைய கருவிக்கு இங்குதான் நல்ல வேலை.

எண்ணைக் கெடுக்கும் சில்லறைக் காரணங்களையும் பார்த்துவிடுங்கள். 750 நானோமீட்டரில் 0.005-க்கு மேல் காட்டினால் கரைசல் கலங்கியிருக்கிறது; மறுபடி மையவிலக்கில் சுற்றுங்கள். அப்படியும் தெளியவில்லை என்றால் குழாயைப் பாருங்கள். பாலிஸ்டைரீன் குழாயை அசிட்டோன் கரைத்துவிடும்; பாலிப்ரொப்பிலீன் அல்லது கண்ணாடிதான் ஆகும். மூடி தளர்வாக இருந்தால் அசிட்டோன் ஆவியாகி, 10 மில்லி என்று நினைத்தது 9 மில்லியாக இருக்கும். பச்சையம் பதினொரு சதவீதம் கூடிவிடும். வடிகட்டும்போது உறிஞ்சழுத்தம் 100 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டக்கூடாது, தாண்டினால் மென்மையான செல்கள் உடைந்து உள்ளிருப்பது கீழே போய்விடும். ஜி.எஃப்./எஃப். (கண்ணாடி இழை) வடிதாளைப் பச்சைப் பக்கம் உள்ளே வருமாறு மடித்து, அலுமினியத் தாளில் சுற்றி உடனே திரவ நைட்ரஜனில் போடுங்கள், அல்லது மைனஸ் 80 பாகையில் வையுங்கள். மைனஸ் 20 உறைபெட்டி சில வாரங்களுக்கு மேல் தாங்காது. விடுதி வளாகத்தில் மின்வெட்டு ஆகும் உறைபெட்டி என்றால் அதுகூட நிச்சயமில்லை.

கேள்வி: உற்பத்தியை நேரடியாக அளக்க கார்பன்-14 வாங்க நினைக்கிறேன். எங்கள் கல்லூரியில் இதுவரை யாரும் கதிரியக்கப் பொருள் பயன்படுத்தியதில்லை. வேறு வழி உண்டா?
– உதவிப் பேராசிரியர், நாகர்கோவில்

குறியிட்ட கார்பனை நீரில் சேர்த்து, செல்கள் அதில் எவ்வளவு எடுத்துக்கொள்கின்றன என்று பார்ப்பதே இந்த முறை. கார்பன்-14 முறையை 1952-இல் ஸ்டீமன் நீல்சன் வெளியிட்டதிலிருந்து இன்றுவரை ஒப்பீட்டுக்கு அதுதான் அளவுகோல். ஆனால் இந்தியாவில் அதை வாங்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி, கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலர், தனி அறை, கழிவுப் பதிவேடு எல்லாம் வேண்டும். கார்பன்-14-இன் அரை ஆயுள் 5,730 ஆண்டு; கழிவைச் சில மாதம் பூட்டிவைத்து அடங்கவிடும் வழி இதற்குக் கிடையாது. முதல் திட்டத்துக்கு இது வேண்டாம் என்பதே எங்கள் ஆலோசனை.

கார்பன்-13 எடுத்துக்கொள்ளுங்கள். கதிரியக்கம் இல்லை, அனுமதியும் தேவையில்லை. செலவு ரசாயனத்திலும் ஐசோடோப் நிறை நிரலியில் (கார்பன்-13 விகிதத்தை அளக்கும் கருவி) காட்டும் கட்டணத்திலும் வரும். கடல்நீரில் கரைந்த கனிமக் கார்பன் லிட்டருக்கு ஏறக்குறைய 2 மில்லிமோல். அதில் பத்தில் ஒரு பங்கு சேர்க்கவேண்டும், அதாவது 0.2 மில்லிமோல். கார்பன்-13 சோடியம் பைகார்பனேட்டின் மூலக்கூறு எடை 85 என்பதால் ஒரு லிட்டர் புட்டிக்கு 17 மில்லிகிராம். முன்கூட்டியே கரைத்து வைத்துக்கொண்டால் படகில் பிப்பெட்டால் விடுவது சுலபம்.

பாலிகார்பனேட் புட்டிகளைப் பத்து சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, தூயநீரில் அலசி, நிரப்பும் முன் அதே கடல்நீரில் மூன்று முறை கழுவுங்கள். நிஸ்கின் நீர்ப்புட்டியின் உள்ளே இருக்கும் கருப்பு ரப்பர்க் குழாயைக் கழற்றிவிட்டு சிலிகோன் போடுங்கள். அந்த ரப்பரிலிருந்து கசிவது செல்களுக்கு நஞ்சு, உற்பத்தி காரணமில்லாமல் குறைந்து வருவதற்கு இது பழைய காரணம். நீரை 200 மைக்ரான் வலையில் வடித்து விலங்கு மிதவைகளை நீக்குங்கள். ஒவ்வோர் ஆழத்துக்கும் இரண்டு வெளிச்சப் புட்டி, ஒளி புகாமல் மூடிய ஓர் இருட்டுப் புட்டி. கார்பன்-13 சேர்க்காத ஒரு வடிதாளும் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் கணக்கே போட முடியாது.

வடிதாள்களை 450 பாகையில் நான்கு மணி நேரம் சுட்டு வைத்திருக்கவேண்டும். அடைகாப்பு (புட்டிகளை வெளிச்சத்தில் வைத்திருப்பது) முடிந்ததும் வடிகட்டி, அடர் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியில் ஓர் இரவு வைத்தால் ஒட்டியிருக்கும் கனிமக் கார்பன் போய்விடும். பிறகு உலர்த்தி அனுப்பலாம். கணக்கு இப்படி: துகள் கார்பன் லிட்டருக்கு 80 மைக்ரோகிராம், அதில் கார்பன்-13 இயற்கையில் 1.08 சதவீதம், பகல் முழுக்க அடைகாத்த பிறகு 1.98, நீரிலிருந்த கனிமக் கார்பனில் 10.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.98-இலிருந்து 1.08 கழித்தால் 0.90. 10.1-இலிருந்து 1.08 கழித்தால் 9.02. 80-ஐ 0.90-ஆல் பெருக்கி 9.02-ஆல் வகுத்தால் 8 வரும். கன மீட்டருக்கு ஒரு பகலில் 8 மில்லிகிராம் கார்பன்.

ஒரு எச்சரிக்கை. கார்பன்-13 பட்ட வடிதாளையும் படாததையும் ஒரே உலர்த்தியில் வைக்காதீர்கள், ஒரே இடுக்கியால் எடுக்காதீர்கள். ஒரு துளி போதும், இயற்கை மதிப்பு 1.08 என்பது 1.3 ஆகி, எல்லா உற்பத்தியும் குறைந்து காட்டும்.

வெளிச்ச-இருட்டுப் புட்டியில் ஆக்சிஜன் அளக்கும் பழைய முறையையும் நண்பர்கள் சொல்வார்கள். குளத்துக்கும் கழிமுகத்துக்கும் நல்லது. மேலே சொன்ன 8 மில்லிகிராம் கார்பனுக்கு ஆக்சிஜன் லிட்டருக்கு ஒரு மைக்ரோமோலுக்குக் கீழேதான் கூடும். நீரிலோ ஏற்கெனவே 200 மைக்ரோமோல் இருக்கிறது. கண்ணால் நிறம் பார்த்துச் செய்யும் விங்க்ளர் தரம்பார்த்தலில் அந்த வித்தியாசம் தெரியாது.

கேள்வி: ஒளி உணரி இல்லை. செக்கித் தட்டை (நீரில் இறக்கி எங்கே மறைகிறது என்று பார்க்கும் வட்டத் தட்டு) வைத்து ஒளியடுக்கின் ஆழத்தைக் கணக்கிடலாமா?
– பட்ட மாணவி, யாழ்ப்பாணம்

திறந்த கடலில் சுமாராகச் செய்யலாம்: தட்டு மறையும் ஆழத்தை 2.7-ஆல் பெருக்கினால் மேல்வெளிச்சத்தில் ஒரு சதவீதம் எட்டும் ஆழம். யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் இது உதவாது. பல இடங்களில் தட்டு மறைவதற்கு முன்பே தரையைத் தொட்டுவிடும். ஒரே ஒளிமானியை இரண்டு ஆழங்களில் இறக்குங்கள். அரை மீட்டரில் 1,000, ஒன்றரை மீட்டரில் 600 என்றால் விகிதத்தின் இயல் மடக்கை 0.51. 100-இன் இயல் மடக்கையான 4.6-ஐ அதனால் வகுத்தால் 9 மீட்டர். ஏரி அதற்குள் முடிந்துவிடுகிறதே என்றால், வெளிச்சம் தரைவரை எட்டுகிறது என்று அர்த்தம். அப்போது தரையில் ஒட்டி வளரும் பாசியையும் கடற்புல்லையும் விட்டுவிட்டு உற்பத்தி பேச முடியாது. படகின் நிழல் விழாத பக்கம் இறக்குங்கள்.

கேள்வி: செயற்கைக்கோள் படத்தில் பாக் நீரிணை ஆண்டு முழுவதும் பச்சையம் மிக்கதாகத் தெரிகிறது. வி.ஜி.பி.எம். மாதிரியில் (பச்சையம், வெளிச்சம், கடல் வெப்பத்திலிருந்து உற்பத்தியைக் கணிக்கும் கணித மாதிரி) போட்டால் உற்பத்தியும் அப்படியே உயர்ந்து வருகிறது. வெளியிடலாமா?
– ஆராய்ச்சி உதவியாளர், சென்னை

பொறுங்கள். அங்கே நீர் ஆழம் குறைவு. கலங்கிய மண், ஆற்றில் வந்த கரிமக் கறை, தரையிலிருந்து திரும்பும் வெளிச்சம் மூன்றையும் கடல் நிறத்திலிருந்து பச்சையம் கணக்கிடும் நீலம்-பச்சை விகிதச் சூத்திரம் பச்சையம் என்றே எண்ணிக்கொள்ளும். படத்தில் தெரியும் பச்சையில் ஒரு பகுதி மணலாக இருக்கலாம்.

சரிபார்க்க நேரடி மாதிரி வேண்டும். செயற்கைக்கோள் கடந்துபோகும் நேரத்துக்கு மூன்று மணி நேரத்துக்குள் எடுத்த நீர், அந்த இடத்தைச் சுற்றிய 5×5 படப்புள்ளிகள், அவற்றின் மாறுபாட்டுக் கெழு (திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்தது) 0.15-க்குக் கீழே. இது தேறாத நாளை ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள். நிலை-3 படத்தை (கட்டங்களாகச் சராசரி எடுத்தது) மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியாமலே போகும். நிலை-2 தரவையும் (ஒவ்வொரு கடப்பின் படப்புள்ளிகள்) அதன் எச்சரிக்கைக் கொடிகளையும் இலவச சீடாஸ் மென்பொருளில் திறந்து பாருங்கள். இந்தியாவின் ஓஷன்சாட்-3, 2022 நவம்பரில் ஏவப்பட்டது. அதன் வண்ணப் படங்கள் 360 மீட்டர் நுணுக்கம் கொண்டவை என்பதால் குறுகிய நீரிணைக்கு 4 கிலோமீட்டர் கட்டங்களைவிட எவ்வளவோ மேல்.

வி.ஜி.பி.எம்.மில் இன்னொரு வலை இருக்கிறது. அதில் பச்சையத்தின் உச்ச உற்பத்தித் திறன் கடல்மேல் வெப்பத்தைப் பொறுத்து மாறும். 20 பாகையில் 6.63 (ஒரு மில்லிகிராம் பச்சையம் மணிக்கு எடுக்கும் கார்பன், மில்லிகிராமில்) வரை ஏறி, 28.5-க்கு மேல் 4.0 என்று நிலையாக நின்றுவிடும். நம் கடல் ஆண்டில் பெரும்பகுதி 28.5-க்கு மேல். ஆக நீங்கள் வெப்பத்தைக் கொடுக்கிறீர்கள், மாதிரி அதை வாங்கி ஓரமாக வைத்துவிடுகிறது. உங்கள் உற்பத்தி வரைபடம் பச்சைய வரைபடத்தின் நகலாக வருவதற்கு இதுவே பெரிய காரணம். இரண்டும் ஒத்துப்போவதைக் கண்டுபிடிப்பாக எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: என் கட்டுரையைத் திருப்பி அனுப்பிய மதிப்பீட்டாளர், ‘சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு’ என்ற எண் எப்படி வந்தது என்று கேட்கிறார். மணிக்கான எண்ணை 24-ஆல் பெருக்கினேன்.
– ஆய்வு மாணவர், சிதம்பரம்

இரவில் ஒளிச்சேர்க்கை கிடையாது. 24-ஆல் பெருக்கியதில் எண் இரட்டிப்பாகியிருக்கும். பகல் நீளத்தால், அதுவும் அடைகாத்தது நண்பகலை ஒட்டியா என்று பார்த்து, பெருக்கவேண்டும். விடியலிலிருந்து மாலை வரை அடைகாத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

ஆழவாரியாகக் கூட்டுவதற்குச் சரிவகக் கணக்கு: அடுத்தடுத்த இரண்டு ஆழங்களின் சராசரியை இடைவெளியால் பெருக்கிக் கூட்டுவது. எடுத்துக்காட்டாக 0, 10, 25, 50, 75 மீட்டரில் கன மீட்டருக்கு 8, 10, 6, 3, 0.5 என்றால் 90, 120, 112.5, 43.75 சேர்ந்து 366 மில்லிகிராம். ஐந்தையும் சராசரி எடுத்து 75-ஆல் பெருக்கினால் 412 வரும். மேலே நெருக்கமாகவும் கீழே அகலமாகவும் மாதிரி எடுத்திருப்பதால் அந்தச் சராசரி மேல்நீர் பக்கமே சாயும். அட்டவணைத் தலைப்பில் எந்த ஐசோடோப், எத்தனை மணி நேரம், எந்த நேரத்தில் தொடங்கியது, இருட்டுப் புட்டி கழித்தீர்களா இல்லையா, எந்த ஆழம்வரை கூட்டினீர்கள் என்று எழுதுங்கள். மதிப்பீட்டாளர் கேட்டது இவ்வளவுதான்.