எம்.எல்.ஏ.விடம் மனு கொடுத்தால் ஏழைகள் வீட்டுத் திட்டத்துக்கு நிதி கூடுமா?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், ஏற்கெனவே ஒருமுறை மனுவோடு போய் "பார்க்கலாம்" என்ற பதிலோடு திரும்பியவர் போலத் தெரிகிறது. நானும் அப்படித் திரும்பியவள்தான். நான் எந்தக் கட்சியிலும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெருவில் பதினோரு குடிசைகள். எம்.எல்.ஏ.வின் தொகுதி மேம்பாட்டு நிதியில் வீடு கட்டித் தாருங்கள் என்று மனு எழுதிப் போனோம். அவருடைய உதவியாளர் படித்துவிட்டுச் சிரித்தார். அந்த நிதியே ஆண்டுக்கு 3 கோடிதான், அதில் வகுப்பறை கட்டலாம், ரேஷன் கடை கட்டலாம், தனியாள் வீட்டுக்குச் செங்கல் வாங்க முடியாது என்றார். சிரித்ததுதான் கோபம், சொன்னது நியாயம்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு ஆத்திரம் என்றால், அம்மாவின் வீடு. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் வந்த வீடு. அதில் வீட்டுக்கு 1.20 லட்சம்; நூற்றுக்கு 60 மத்திய அரசு, 40 மாநிலம். கான்கிரீட் கூரைக்கு மாநில அரசு தனியாகக் கொடுக்கிறது. காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் பணம் வேலை முடிந்த பிறகுதான் வரும். அடித்தளம் போட்டு, ஓவர்சீயர் வந்து போட்டோ எடுத்தால் ஒரு தவணை. ஜன்னல் மட்டம் வந்தால் இன்னொன்று. முதல் லோடு மணலுக்கே அம்மா தோட்டை அடகு வைத்தார். சுவர் ஜன்னல் மட்டத்தில் எட்டு மாதம் நின்றது. நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளில் கொடி கட்டித் துணி காயப்போட்டார். அப்பாவின் வேட்டிகளில் எல்லாம் துருக்கறை. இதற்கு நடுவே ஆதாரில் ஒரு எழுத்து, வங்கிப் புத்தகத்தில் வேறு எழுத்து என்று அம்மா பெயருக்காக நான் ஏறி இறங்கிய படிகள் தனிக் கதை. கணவர் பெயரை இனிஷியலாக மாற்றச் சொல்லி வற்புறுத்துகிறார்களே, அறுபது வயதில் ஒருத்தி எதற்குப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும்? சரி, விடுங்கள்.

இரண்டாவது முறை போகும்முன் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் சொன்னதுதான் உங்களுக்கு வேண்டிய பதில். பட்ஜெட் வந்த பிறகு போகாதே என்றார். மானியக் கோரிக்கையை, அதாவது ஒரு துறையின் செலவுக்கு அரசு கேட்கும் தொகையை, சட்டமன்றம் ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம், கூட்ட முடியாது. அரசியலமைப்பின் 203வது பிரிவு அப்படி. ஆகவே தொகை கூட வேண்டுமானால் பட்ஜெட் எழுதும்முன், டிசம்பர், ஜனவரியிலேயே எம்.எல்.ஏ. காதில் விழ வேண்டும்.

அப்படியே போனோம். "வீடு வேண்டும்" என்று எழுதவில்லை. அம்மா வீட்டைப் போலப் பாதியில் நின்றவற்றில் எந்த வீடு எந்த மட்டத்தில் நிற்கிறது, எவ்வளவு பில் பாக்கி, முதல் தவணையை முன்பணமாகக் கொடுத்தால் யார் யார் வட்டிக்கு வாங்காமல் தப்பிப்பார்கள் என்று ஒரே பக்கத்தில் எழுதினோம். எம்.எல்.ஏ. நின்றுகொண்டே படித்தார், இரண்டு கேள்வி கேட்டார். முன்பணம் வரவில்லை. ஆனால் அடுத்த மாதம் ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஆள் வந்து பாக்கி பில்களைப் போட்டார்கள். மனுவால்தான் வந்தார்கள் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

"இலவசமாகக் கொடுத்தே கெடுக்கிறார்கள்" என்று யாராவது வருவீர்கள். தோட்டை அடகு வைத்தவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

2024இல் மாநில அரசின் கலைஞர் கனவு இல்லம் என்ற வீட்டுத் திட்டம் வந்தபோது வீட்டுக்கு 3.5 லட்சம், முதல் ஆண்டில் ஒரு லட்சம் வீடு, மொத்தம் 3,500 கோடி என்று அறிவித்தார்கள். தொகை கூடியது நல்லதுதான். ஆனால் அதற்கும் சொந்த இடமும் பட்டாவும் வேண்டும். எங்கள் பதினொன்றில் மூன்று குடிசைகள் ஓடைப் புறம்போக்கில் இருக்கின்றன. அவர்களும் எங்களோடு வந்து கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் இன்னும் குடிசையில்தான் இருக்கிறார்கள்.