ஃபியோர்டு பக்கம் டென்ட்: எங்கே போடலாம், எங்கே கூடாது?

கேள்வி: ஜூலை கடைசியில் நான், மனைவி, பத்து வயது மகன் மூவரும் சென்னையிலிருந்து நார்வே போகிறோம். வாடகைக் கார் எடுத்து, சோக்னே ஃபியோர்டு பக்கம் ஐந்து இரவு டென்ட்டில் தங்க ஆசை. அங்கே எங்கு வேண்டுமானாலும் இலவசமாக டென்ட் போடலாம் என்கிறார்களே, உண்மையா? மழைக்கும் குளிருக்கும் என்ன ஏற்பாடு செய்வது?

பதில்: பாதி உண்மை. நார்வேயில் 1957-ல் வந்த ஒரு சட்டம், பயிர் செய்யாத திறந்தவெளியில் நடக்கவும் தங்கவும் எல்லோருக்கும் உரிமை கொடுக்கிறது. நிலம் யாருடையதாக இருந்தாலும் சரி. ஆனால் ஆள் இருக்கும் வீட்டிலிருந்து குறைந்தது 150 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். இரண்டு இரவுக்கு மேல் ஒரே இடத்தில் தங்குவதென்றால் நிலத்துக்காரரைக் கேட்க வேண்டும். உயர்ந்த மலைப்பகுதியில் இந்த இரண்டு இரவுக் கணக்கு இல்லை. வயல், தோட்டம், வைக்கோலுக்காகப் புல் வளர்க்கும் நிலம் இவற்றில் டென்ட் போட அந்த உரிமை செல்லாது.

சிக்கலே அங்கேதான். ஃபியோர்டு என்பது பனியாறு குடைந்த பள்ளத்தில் கடல் புகுந்த இடம். சோக்னே ஃபியோர்டு 205 கிலோமீட்டர் நீளம், 1,300 மீட்டருக்கும் மேல் ஆழம். கரை பல இடங்களில் சுவர்போல் எழும்பி நிற்கும். சமதரை என்று கிடைப்பது சின்னச் சின்னத் துண்டுகள்தான், அவற்றில் தலைமுறை தலைமுறையாகப் பண்ணைகள் இருக்கின்றன. படங்களில் நீரோரமாகத் தெரியும் அந்த அழகான புல்வெளி பெரும்பாலும் ஒருவருடைய மாட்டுத் தீவனம். தயவுசெய்து அதில் டென்ட் அடிக்காதீர்கள்.

அதனால் என் யோசனை இது: மூன்று இரவு கீழே கட்டணம் வாங்கும் கேம்பிங் தளத்தில், இரண்டு இரவு மேலே மலையில். கீழே ஃப்லோம், லேர்டால் போன்ற ஊர்களில் தளங்கள் உண்டு. குளியலறையும் சமையலறையும் இருக்கும். பையனோடு போகும்போது அது பெரிய நிம்மதி.

மேலே போக, அவுர்லான்டிலிருந்து லேர்டாலுக்குப் போகும் பழைய மலைச்சாலை இருக்கிறது. அடியில் 24.5 கிலோமீட்டர் சுரங்கப்பாதை வந்தபிறகும் கோடையில் இதைத் திறந்துவிடுகிறார்கள். 1,300 மீட்டர் வரை ஏறும், ஜூலையிலும் ஓரங்களில் பனி கிடக்கும். 100 மீட்டர் ஏறினால் சுமார் 0.6 டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரையில் 16 டிகிரி என்றால் ஆயிரம் மீட்டர் மேலே 10 தான். விடியற்காலையில் இன்னும் இறங்கும்.

மலையில் இடம் பார்ப்பதில்தான் புதிதாகப் போகிறவர்கள் ஏமாறுகிறார்கள். பச்சைப்பசேலென்று மேடுபள்ளமில்லாமல் தெரிவது அநேகமாகச் சதுப்பு. வெள்ளைப் பஞ்சு போல் தலையாட்டும் புல்லைக் கண்டால் சந்தேகமே வேண்டாம், அங்கே ஈரம் ஊறுகிறது. குதிகாலால் அழுத்திப் பாருங்கள். தண்ணீர் கசிந்தால் நகர்ந்துவிடுங்கள். குட்டைச் செடிகளும் சரளையும் உள்ள சற்று மேடான இடம் நல்லது. அங்கே மண் மெல்லியது, நாலு விரல் இறங்கியதும் டென்ட் முளைக்குச்சி பாறையில் முட்டி வளையும். கயிற்றை ஒரு கல்லில் சுற்றி, அதன்மேல் இன்னொரு கனமான கல்லை ஏற்றிவிடுங்கள், காற்றுக்குத் தாங்கும்.

மழையைப் பொறுத்தவரை ஒரு நல்ல செய்தி. அட்லாண்டிக் ஈரக்காற்று கரையோர மலைகளில் மோதியே பெரும்பாலும் கொட்டிவிடுகிறது. கடலோர நகரமான பெர்கனில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும், உள்ளே லேர்டாலில் அதில் கால்வாசி போலத்தான். வானிலை மோசமென்றால் கடலை விட்டு உள்ளே போங்கள். தினமும் காலையில் நார்வேக்காரர்களே நம்பும் 'யர்' செயலியைப் பாருங்கள். மலையில் காற்றும் மழையும் சேர்ந்து வரும் என்று காட்டினால், அன்று மேலே போகவே வேண்டாம்.

குளிரைவிட ஈரத்துக்குத்தான் பயப்பட வேண்டும். ஜீன்ஸும் பருத்தி பனியனும் நனைந்தால் அங்கே காயாது, கம்பளி உள்ளாடை வாங்குங்கள். ஒரு ஜோடி உடையை பிளாஸ்டிக் பையில் கட்டி, தூங்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லீப்பிங் பேக்கில் 'கம்ஃபர்ட்' (நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர்) என்று போட்ட அளவைப் பாருங்கள், அது 0 டிகிரியாக இருக்கட்டும்; 'எக்ஸ்ட்ரீம்' (உயிர் தப்பினால் போதும் என்ற குளிர்) அளவை நம்பாதீர்கள். அடியில் விரிக்கும் பாயில் மட்டும் சிக்கனம் வேண்டாம். உடம்புச் சூட்டைத் தரை உறிஞ்சிவிடும்.

கேஸ் கேனிஸ்டரை விமானத்தில் விடமாட்டார்கள், அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம். ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டை ஒட்டியும் நெருப்பு மூட்டத் தடை உண்டு. அடுப்பையும் மரஞ்செடியிலிருந்து தள்ளி, வெறும் பாறைமேல் வைத்துத்தான் பற்றவைக்க வேண்டும்.

அப்புறம், கிளம்புவதற்கு முன் மொட்டைமாடியில் ஒருநாள் டென்ட்டை விரித்துப் பாருங்கள். அங்கேயும் முளை இறங்காது. செங்கல்லில் கயிறு கட்டிப் பழக அதுவே வசதி. பையனை உள்ளே உட்காரவைத்து மேலே நாலு பக்கெட் தண்ணீர் ஊற்றுங்கள். எந்தத் தையலில் ஒழுகுகிறது என்று அவன் சொல்லட்டும், அந்த இடத்தில் தையலை அடைக்கும் சீம் சீலர் பசையைத் தடவி நன்றாகக் காயவிட்டு மடித்து வையுங்கள்.