போதையில் சிக்கிய நண்பர்கள்: ஊர் இளைஞர் மன்றம் என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் ஊர் திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. கபடிக் குழுவாகத் தொடங்கி இப்போது இளைஞர் மன்றமாக நடத்துகிறோம். எங்களோடு ஆடும் இருவர் வலி மாத்திரைக்குப் பழகிவிட்டார்கள். ஒருவர் அதைக் கரைத்து ஊசியாக ஏற்றுவதாகவும் கேள்விப்படுகிறோம். பள்ளிப் பையன்கள் கூல் லிப் என்ற புகையிலைப் பொட்டலத்தை உதட்டுக்குள் வைக்கிறார்கள். குடியை விடச் சிகிச்சைக்குப் போன இன்னொரு நண்பர் அடுத்த வாரம் வீடு திரும்புகிறார். பேரணி, உறுதிமொழி, பேனர் என்று திட்டம் போட்டிருக்கிறோம். விற்பவனை நாமே பிடித்து உதைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எது சரியான வழி?

பதில்: தம்பி, பேரணியைத் தள்ளி வையுங்கள். அடுத்த வாரம் வரப்போகும் அந்த நண்பரிடமிருந்து வேலையைத் தொடங்குங்கள்.

சிகிச்சை முடிந்த முதல் மூன்று மாதங்களில்தான் அதிகம் பேர் மறுபடி குடிக்கிறார்கள். மருத்துவமனையில் உடம்பு தெளிந்திருக்கும். ஊருக்கு வந்ததும் அதே டீக்கடை, அதே சாயங்காலம், அதே பழைய கூட்டாளிகள். 'இவன் எத்தனை நாளைக்கு இருப்பான் பார்க்கலாம்' என்ற பேச்சு வேறு. மருத்துவரும் ஆலோசகரும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் பக்கத்தில் இருக்க முடியாது. உங்களால் முடியும். தினமும் யாராவது ஒருவர் அவரை மைதானத்துக்குக் கூட்டி வரட்டும். ஆட முடியாவிட்டால் புள்ளி எழுதட்டும். கல்யாணம், காதுகுத்து, திருவிழா, கெடா விருந்து என்று சரக்கு ஓடும் இடங்களுக்குத் தனியே போகவிடாதீர்கள். கையில் ரொக்கமாகக் கடன் கொடுக்க வேண்டாம். பஸ் செலவு என்றால் கூடவே போய் டிக்கெட் எடுங்கள். மறுபரிசோதனைத் தேதியை அவர் வீட்டாரிடம் கேட்டு மன்றத்தில் ஒருவர் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

அவர் ஒருநாள் குடித்துவிட்டால்? அன்று களத்தில் இறக்காதீர்கள். ஆனால் குழுவிலிருந்து நீக்கவும் வேண்டாம். மறுநாள் காலையிலேயே போய்ப் பார்த்து, சிகிச்சை கொடுத்த இடத்துக்குப் பேசவையுங்கள். ஒருநாள் சறுக்கியவர் வெட்கத்தில் ஒளிந்துகொள்வதால்தான் அந்த ஒருநாள் ஒரு மாதமாக நீள்கிறது.

ஊர் கூடிச் செய்தால் நடக்குமா என்ற சந்தேகம் உங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு வரவே கூடாது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, 1989 முதல் குடவாசல் பக்கத்து மஞ்சக்குடியில் குடிநோயாளிகளுக்கு 15 நாள் சிகிச்சை முகாம்களை நடத்தியது. சிகிச்சை கிராமத்துக்கே வந்தது. ஊர்க்காரர்கள் இடம் கொடுத்தார்கள், ஆட்களைத் திரட்டினார்கள், முகாம் முடிந்த பிறகும் விசாரித்துக்கொண்டார்கள். மருந்து மருத்துவர் கையில், ஆதரவு ஊர் கையில். அந்தப் பங்கீட்டை நீங்களும் விட்டுவிடாதீர்கள்.

ஏனென்றால் ஆர்வக்கோளாறில் சிலர் மருத்துவத்தையும் கையில் எடுக்கிறார்கள். நீண்டகாலமாகத் தினமும் குடித்தவரை அறையில் பூட்டி, எலுமிச்சைச் சாறு கொடுத்துத் தெளியவைக்கப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து. திடீரென நிறுத்திய இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். கை நடுக்கம், உளறல், இல்லாத உருவங்கள் தெரிவது என்று முற்றி இறந்தவர்களும் உண்டு. நிறுத்தச் சொல்வதற்கு முன் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

மாத்திரை விஷயம் இன்னும் அவசரம். நீங்கள் சொல்வது டேபென்டடால் வகையாக இருக்கலாம். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத கடுமையான வலி மருந்து அது. வாயால் போடுவதற்காகச் செய்த மாத்திரையைக் கரைத்து ஏற்றினால் அதிலுள்ள மாவுப் பொருள் ரத்தக் குழாயையும் நுரையீரலையும் கெடுக்கும். ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி தொற்றும். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், ரகசியம் காக்கப்படும். அந்த நண்பரோடு நீங்களும் போங்கள். ஒன்றை அவருக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: சில வாரம் நிறுத்திவிட்டுப் பழைய அளவையே மறுபடி ஏற்றினால் உடம்பு தாங்காது, மூச்சு நின்றுவிடும். தட்டியும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பூத்துக் கிடந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். என்ன போட்டார் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

போலீஸ் பயத்தில்தான் பலர் சிகிச்சைக்கே வருவதில்லை. கஞ்சா போன்றவற்றைப் பயன்படுத்தியதாகவோ சிறிய அளவு வைத்திருந்ததாகவோ வழக்கு இருந்தாலும், அந்தப் பழக்கத்துக்கு அடிமையானவர் தாமாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை எடுத்தால், வழக்கிலிருந்து விலக்குக் கேட்க 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு இடம் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு பறிபோகலாம். இந்தப் பிரிவைப் பற்றி ஊரில் யாருக்கும் தெரியாது. பேனர் அடிக்க வேண்டுமென்றால் இதை அடியுங்கள். கூடவே 14446 என்ற இலவச எண்ணையும் போடுங்கள். எங்கே சிகிச்சை கிடைக்கும் என்று அதில் கேட்கலாம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நேராகவும் போகலாம். தனியார் மையம் என்றால் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று கேட்காமல் சேர்க்காதீர்கள். அடித்து, கட்டிவைத்துத் திருத்துகிறோம் என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன. பணம் கட்டி நண்பனை அங்கே விட்டுவிட்டு வருவது கொடுமை.

அகில இந்திய அளவில் எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வில், மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைத்திருந்தது. மீதி 37 பேரில் ஒருவரை நீங்கள் ஆஸ்பத்திரி வாசல் வரை கூட்டிப் போனாலே அது பேரணியைவிடப் பெரிய வேலை.

இனி பள்ளிப் பையன்கள். அவர்களைக் கூட்டி வைத்துப் புற்றுநோய்ப் படம் காட்டுவது, மீண்டவர் ஒருவரை மேடையேற்றிக் கதை சொல்லவைப்பது எல்லாம் பலன் தருவதில்லை என்பதை ஐ.நா. போதைப்பொருள் அலுவலகத்தின் தடுப்பு வழிகாட்டி நெறிகளே சொல்கின்றன. பயமுறுத்தல் ஒருநாள்தான் நிற்கும். பையனுக்கு வேண்டியது பள்ளி விட்ட பிறகு போக ஓர் இடம், 'வேணாம்டா' என்று சொல்லிப் பழக நாலு பேர், தன்னைக் கவனிக்கும் ஓர் அண்ணன். ஐஸ்லாந்து இதை நாடு முழுக்கச் செய்து பார்த்தது. விளையாட்டுக்கும் கலைக்கும் அரசே பணம் கொடுத்தது, பெற்றோரும் கூட நின்றார்கள். 1998-ல் 15, 16 வயதினரில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்துக்குள் குடித்துப் போதையானவர்கள். 2016-ல் அது 5 சதவீதம். அவ்வளவு பணம் நம் மன்றத்திடம் இல்லை, சரி. ஆனால் சாயங்காலம் ஐந்து முதல் ஏழு வரை சின்னப் பையன்களுக்கென்று ஒரு கபடி அணி நடத்த மைதானமும் ஒரு விசிலும் போதும். பெண் பிள்ளைகளுக்கும் ஒரு நேரம் ஒதுக்குங்கள். கூல் லிப் வைத்த பையனை அணியிலிருந்து விரட்டாதீர்கள். அவனுக்குத்தான் அந்த அணி முதலில் தேவை.

விற்பவனை அடிக்கும் யோசனையை இன்றே கைவிடுங்கள். கேஸ் உங்கள் மேல் விழும், அவன் அடுத்த தெருவில் விற்பான். சிறுவனுக்குப் போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தாலே சிறார் நீதிச் சட்டம் 77-ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் எந்தப் புகையிலைப் பொருளும் விற்கக் கூடாது. போதைப்பொருள் விற்பனையை 1933 என்ற எண்ணில் சொல்லுங்கள், சொன்னவர் பெயர் வெளியே வராது. பெட்டிக்கடைக்காரர் உள்ளூர்க்காரர் என்றால், தலைமையாசிரியரையும் ஊராட்சித் தலைவரையும் அழைத்துக்கொண்டு ஒருமுறை நேரில் பேசுங்கள். பல இடங்களில் அதிலேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் அடுத்த கிராமசபையில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.

கடைசியாக உங்களைப் பற்றி. நண்பனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு ஒரே ஆள் சுமக்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு பேர் என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். அவர் சொன்ன ரகசியம் மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகவே கூடாது. உயிரை மாய்த்துக்கொள்வேன் என்று சொன்னால் மட்டும் ரகசியம் பார்க்காமல் வீட்டுக்குத் தெரிவியுங்கள், 14416-ல் எந்நேரமும் மனநல ஆலோசகரிடம் பேசலாம். அடுத்த வாரம் நண்பர் வரும் நாளில் அவரை அழைத்துவர யார் போவது என்பதை இன்றைக்கே முடிவு செய்யுங்கள்.